தண்ணீர் நின்ற தடம்

கீழப்பாவூரில் அந்த ஆச்சி வீட்டைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. 'ஆச்சி வீட்டுத் தரையில சோத்தைக் கொட்டி அள்ளித் திங்கலாம்' என்பார்கள். பொய்யில்லை. எழுபதை நெருங்கும் வயதிலும் விடியக்காலம் நாலரைக்கு எழுந்து, வாசலைப் பெருக்கி, சாணி கரைத்துத் தெளித்து, கோலம் போட்ட பிறகுதான் ஆச்சிக்கு மற்ற வேலை. மதியம் ஒரு தடவை, விளக்கு வைப்பதற்கு முன் ஒரு தடவை வீட்டைக் கூட்டுவார். கட்டிலுக்கு அடியில் தூசி கிடந்தால் மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். தானே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு குனிவார். அது திட்டுவதைவிட மோசம் என்று மருமகள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

அந்த வீட்டில்தான் போன வருஷம் ஐப்பசியில் ஏழு வயதுப் பேரனுக்கு டெங்கு வந்தது.

ஆறு பேர் உள்ள குடும்பம். தாத்தா, ஆச்சி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். வெண்டை, கத்தரி, மிளகாய் என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பறித்ததைப் பக்கத்தில் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குக் கொண்டுபோய்விடுவார் மகன். அங்கிருந்து அது கேரளத்துக்கு லாரி ஏறும். மருமகள் கடையநல்லூர்க்காரர். சமையல் முடிந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கிடைக்கிற நேரத்தில் பீடி சுற்றுகிறார்.

ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பையன் பையைத் தூக்கி எறியவில்லை, விளையாடவும் ஓடவில்லை. நேராகப் போய்ப் படுத்துக்கொண்டான். 'கண்ணுக்குப் பின்னால வலிக்கு' என்றான். உடம்பு கொதித்தது. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, ரத்தம் எடுத்து, பாரசிட்டமால் மருந்து வாங்கி வந்தார்கள். வேறு எந்த வலி மாத்திரையும் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள் என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். ஆச்சி தன் பங்குக்கு நிலவேம்புக் குடிநீர் காய்ச்சினார். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. நிறையத் தண்ணீர் ஆகாரம் கொடுங்கள், தினமும் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்த ஆச்சிக்கு உயிர் வந்தது. ரசம் வைத்து, சோற்றைக் குழைத்து, 'ரெண்டு வாய் தின்னுட்டான்னா திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போயிருவான்' என்றார். மகனும் நாலு நாளாகப் பார்க்காத வயலுக்குக் கிளம்பிவிட்டார். பையன் இரண்டு வாய் தின்றான், உடனே வாந்தி எடுத்தான். வயிறு வலிக்கிறது என்று சுருண்டான். கை கால் சில்லிட்டிருந்தது.

"அத்தை, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"காய்ச்சல்தான் விட்டுட்டே. வெறும் வயித்துல மருந்து குடிச்சதுல பெரட்டுது. கொஞ்சம் படுக்கட்டும்."

மருமகள் பதில் சொல்லவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். அந்த வீட்டில் மாமியார் பேச்சை மீறி மருமகள் வாசல் தாண்டியது அதுதான் முதல் தடவை.

அவருக்கு அது தெரிந்திருந்ததற்குக் காரணம் 2012. அந்த வருஷம் அவர் கடையநல்லூரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். கோடையில் அங்கே ஆரம்பித்த டெங்கு, அப்போது தென்காசி வட்டாரமெல்லாம் சேர்ந்திருந்த திருநெல்வேலி மாவட்டத்தையே ஆட்டியது. (தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்.) அந்த ஒரு வருஷத்தில் தமிழ்நாடு முழுக்க 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. தெருவுக்குத் தெரு காய்ச்சல் வீடுகள். காய்ச்சல் விட்டுவிட்டதென்று எழுந்து நடமாடி, அன்று சாயங்காலமே தூக்கிக்கொண்டு ஓடப்பட்ட பிள்ளைகளை அவர் கண்ணால் பார்த்திருந்தார். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மலம் கறுப்பாகப் போவது, பிள்ளை துவண்டு கிடப்பது, கை கால் சில்லிடுவது, இதில் எது வந்தாலும் விடிகிறவரை காத்திருக்கக் கூடாது.

அரசு ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். ஐந்து நாள் இருந்தான். தட்டணுக்கள் இறங்கி, நின்று, பிறகு ஏறின.

பையனைச் சேர்த்த மறுநாள் காலையில் சுகாதாரத் துறையிலிருந்து கொசுப்புழு தேடும் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு டார்ச், ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு நோட்டு. ஆச்சி மட்டும் வீட்டில் இருந்தார். ராத்திரி தூங்கவில்லை, ஆனாலும் கோலம் போட்டிருந்தார்.

"எங்க வீட்ல என்னத்தத் தேடப் போறீய? தெருச் சாக்கடையப் போய்ப் பாருங்க. குளத்தப் போய்ப் பாருங்க."

"சாக்கடையில வளருதது வேற கொசு ஆச்சி. அது ராத்திரி கடிக்கும். உங்க பேரனைக் கடிச்சது பகல்ல கடிக்கிற கொசு. அது சாக்கடைப் பக்கம் பெரும்பாலும் போகாது. நல்ல தண்ணியாப் பார்த்து, வீட்டுக்குள்ளயும் வீட்டைச் சுத்தியும்தான் முட்டை போடும்."

வந்தவர்களில் மூத்தவர் சொன்னது அப்படியே சரி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் அதிகமாகக் கடிக்கும். காலில் வெள்ளை வரி இருக்கும். நெடுந்தூரம் பறந்து போகிற பிராணி இல்லை அது. பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து ஓரிரு நூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். அதனால், ஒரு வீட்டில் டெங்கு என்றால் கொசு அந்த வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். குளத்தில் மீன் உண்டு, தவளை உண்டு, தட்டான் குஞ்சு உண்டு. அங்கே கொசுப்புழு பிழைப்பது கஷ்டம். மூடியில்லாத ஒரு டிரம்மில் அதற்கு எதிரியே கிடையாது.

புறவாசல் சிமெண்டுத் தொட்டியில் டார்ச் அடித்தார்கள். தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்தது. வெளிச்சம் பட்டதும், அதுவரை ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்த மெல்லிய கோடுகள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. ஒரு கிண்ணம் மோந்து ஆச்சியிடம் காட்டினார்கள். வெள்ளைக் கிண்ணத்தில் நன்றாகவே தெரிந்தது.

குழாய்த் தண்ணீர் தினமும் வராத வீடுகளில் இது வழக்கம்தான். தண்ணீர் வருகிற அன்று தொட்டியில் பாதி இருக்கும். இருக்கிறதைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? அதன் மேலேயே பிடித்து நிரப்பிவிடுவார்கள். அடித்தண்ணீர் மாதக்கணக்கில் காலியாவதே இல்லை. மழையே பெய்யாத கோடையில் கடையநல்லூரில் டெங்கு பரவியதும் இப்படிச் சேர்த்துவைத்த தண்ணீரில்தான்.

அடுத்தது ஆட்டுரல். கிரைண்டர் வந்த பிறகு அது மாட்டுத்தொழு ஓரத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. குழவி எங்கேயோ கிடக்க, குழியில் மழைத்தண்ணீரும் இரண்டு வேப்பிலையும். அதிலும் இருந்தது. வைக்கோல் படப்பின் மேல் போட்டிருந்த தார்ப்பாயின் மடிப்பில் இருந்தது. தார்ப்பாய் பறக்காமல் இருக்க மேலே தூக்கிப் போட்டிருந்த பழைய டயருக்குள்ளும் இருந்தது. கோழிக்குத் தண்ணீர் வைக்கிற டப்பாவைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் இன்னொரு காரணத்துக்காகக் கோபப்பட்டார். அது பூச்சிமருந்து கேனைப் பாதியாக வெட்டியது. எத்தனை தடவை கழுவினாலும் மருந்துக் கேன் மருந்துக் கேன்தான். மருந்து கலக்கும்போதே மூன்று தடவை அலசி, அந்த அலசலையும் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, மறுபடி யாரும் எடுக்க முடியாதபடி கேனில் ஓட்டை போட்டு ஒதுக்க வேண்டியது.

ஆச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். உரல் தொழுவத்துப் பக்கம், படப்பு மகன் பாடு, டயர் தாத்தா போட்டது. "வீட்டுக்குள்ள வந்து பாருங்க, அப்பறம் பேசுங்க" என்று கூட்டிப்போனார்.

சமையல் அறையில் பிரிட்ஜ் இருந்தது. மருமகள் சீராகக் கொண்டுவந்தது. முன்பக்கத்தை ஆச்சி தினமும் ஈரத்துணியால் துடைப்பார். மேலே பூ வேலை செய்த துணி விரித்திருந்தது. அந்தப் பெண் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 'கொஞ்சம் நகட்டலாமா ஆச்சி?' என்றார். இரண்டு பேரும் சேர்த்து நகட்டினார்கள். பின்பக்கம் கீழே, கம்ப்ரசருக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு. உள்ளே உருகுகிற பனித்தண்ணீர் வந்து விழுகிற இடம். வாங்கி எட்டு வருஷத்தில் அப்படியொரு தட்டு இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. கோடையில் கம்ப்ரசர் சூட்டில் தண்ணீர் வற்றிவிடும். ஐப்பசி ஈரத்தில் வற்றவில்லை. தூசிப்படலம் மிதந்த தண்ணீருக்குள் புழுக்கள் நெளிந்தன. இரண்டு மூன்று கூட்டுப்புழு நிலைக்கு வந்துவிட்டிருந்தன. இன்னும் ஓரிரு நாளில் பறக்க வேண்டியவை.

பிரிட்ஜுக்கு மூன்றடி தள்ளித்தான் பையன் தினமும் உட்கார்ந்து காலை இட்லி தின்பான். சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதுவதும் அங்கேதான்.

ஆச்சி அடுப்பங்கரைப் படியில் உட்கார்ந்துவிட்டார். நோட்டைத் திறந்த பெண்ணிடம், "இத எழுதணுமா தாயி?" என்று மட்டும் கேட்டார்.

"எழுதத்தான் செய்யணும் ஆச்சி. என் வீட்லயும் போன மாசம் இருந்துச்சு. பாட்டில்ல மணிபிளான்ட் வச்சிருந்தேன். ஊரெல்லாம் தேடுத நானே பார்க்கல."

அன்று மத்தியானம் ஆச்சி சாப்பிடவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் வீட்டில் தண்ணீர் நிற்கிற எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டார். தொட்டியைத் தாத்தாவும் அவருமாக வாளி வாளியாக இறைத்துத் தென்னைக்கு ஊற்றினார்கள். டயரைத் தாத்தா கொண்டுபோய்ப் பழைய சாமான் கடையில் போட்டார். உரலை இரண்டு பேராலும் புரட்ட முடியாமல், குழியில் மணலைக் கொட்டி நிரப்பினார்கள். பேரன் வீடு வந்தபோது புறவாசல் காய்ந்து கிடந்தது. குழாயில் தண்ணீர் வந்ததும் தொட்டியைப் புதிதாக நிரப்பி, கிடந்த தகரத்தை மேலே மூடினார்கள்.

இங்கே கதை முடிந்திருந்தால் இதை எழுத அவசியமே இல்லை. பத்து நாள் கழித்து அதே பெண்கள் திரும்ப வந்தார்கள். தொட்டியில் மறுபடி புழு.

ஆச்சி வாயடைத்துப் போனார். கொட்டியது பொய்யில்லை, தெருவே பார்த்தது. தகரம் சரியாக மூடாமல் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. மருமகள்தான் தொட்டியின் உட்சுவரில் விரலை ஓட்டினார். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, சுற்றிவர ஒரு கறுத்த வரி. பார்த்தால் அழுக்கு மாதிரி, கரித்தூள் ஒட்டிய மாதிரி இருந்தது. தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று காட்டுகிற தடம், எல்லார் வீட்டுத் தொட்டியிலும் இருக்கும். ஏடிஸ் கொசு முட்டை போடுவது தண்ணீரில் இல்லை, அந்தத் தடத்தில். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிற ஈரச் சுவரில், ஒரு தடவைக்கு நூறு வரை போடும். பசை போட்டு ஒட்டினாற்போல் அவை ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டினால் புழு போய்விடும், முட்டை போகாது. காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். திரும்ப நிரப்பி அந்தத் தடத்தைத் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். பொரித்ததிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் கொசு.

"எங்கூர்ல அந்த வருசம் வீடு வீடா வந்து சொன்னாவ அத்தை. கொட்டுனா போதாது, தேய்க்கணும்னு. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நீங்க தேய்ச்சிருப்பியன்னு நெனச்சேன்."

உண்மையில் அவர் சொல்லாததற்குக் காரணம் வேறு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பேரன் படுத்த நாளிலிருந்து ஆச்சியின் முகத்தைப் பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை. பிரிட்ஜ் அவர் கொண்டுவந்தது. அதில் புழு இருந்ததைத் தெருவில் இரண்டு பேர் வேறு மாதிரியாகப் பேசிவிட்டார்கள். இப்படிப்பட்ட சங்கதிகளில் காய்ச்சலைவிட வாய்தான் வேகமாகப் பரவும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியை மறுபடி இறைத்தார்கள். மருமகள் உள்ளே இறங்கினார். தேங்காய் நாரையும் கம்பிப் பிரஷையும் வைத்து, பிளீச்சிங் பவுடர் தூவி, அந்தத் தடத்தை ஒரு சுற்று முழுக்கத் தேய்த்தார். ஆச்சி மேலே நின்று, 'இங்கன விட்டுட்ட பாரு, அங்கன ஒரு மூலை' என்று காட்டிக்கொண்டிருந்தார். தேய்த்த தண்ணீரைத் தொட்டியிலேயே தேங்கவிடாமல் துணியால் ஒற்றி எடுத்து, வெளியே தண்ணீர் நிற்காத மண்ணில் கொட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடுத்த வாரங்களில் அவ்வளவு ஆகவில்லை. கால் மணி நேரம் போதுமாக இருந்தது.

வாரம் ஒரு தடவை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முட்டை பொரித்துக் கொசுவாக ஏழு நாளுக்குக் குறையாமல் வேண்டும் என்றால், ஆறு நாளுக்கு ஒரு தடவை கொட்டித் தேய்க்கிற வீட்டில் எதுவும் பறக்கும் நிலைக்கு வராது. ஆச்சி வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டார். வீடு மெழுகுகிற நாள், மறக்காது என்றார்.

செலவுக் கணக்கு தனி. வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய பயிர். எட்டு நாள் யாரும் வயல் பக்கம் போகவில்லை. முற்றி நாரான காயை அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு செடி பழையபடி காய்க்கவில்லை. மருமகளுக்குப் பீடிக்கடையில் வாங்கிய இலை அப்படியே இருந்தது, அந்த வாரக் கூலி இல்லை. அரசு ஆஸ்பத்திரி என்பதால் மருந்துச் செலவு கிடையாது. ஆட்டோவுக்கும், கூட இருந்தவர்கள் சாப்பாட்டுக்கும், இளநீருக்கும் போனது போனதுதான்.

விஷயம் பரவியதும் தெருவில் ஆளுக்கொரு சந்தேகத்தோடு வந்தார்கள். சாக்கடைக்கு ஊற்றுகிற மாதிரித் தொட்டிக்கும் மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். புழங்குகிற தண்ணீரிலும் மாடு குடிக்கிற தண்ணீரிலும் கூடாது. அபேட் மருந்து ஊற்றிய தண்ணீரைக் குடிக்கலாமா என்று பக்கத்து வீட்டு மைனிக்குப் பயம். பணியாளர்கள் ஊற்றுவது அளந்துதான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது, அந்த அளவில் கெடுதல் இல்லை. ஆனால் மருந்து ஊற்றிவிட்டார்கள் என்று தேய்ப்பதை நிறுத்தினால் முட்டை சுவரிலேயே இருக்கும். மாட்டுத்தொட்டியை வாராவாரம் காலி செய்ய முடியாதே என்று கேட்டவருக்கும் வழி உண்டு. கம்பூசியா மீன் நாலைந்து விட்டால் புழுவைத் தின்றுவிடும். பாழடைந்த கிணற்றுக்கும் அது பொருந்தும். அதைக் குளத்திலோ ஓடையிலோ மட்டும் விடக்கூடாது. நம் ஊர் மீன் குஞ்சுகளையும் முட்டைகளையும் சேர்த்துத் தின்கிற மீன் அது.

பந்தலில் புடலை போட்டிருக்கும் ஒரு அண்ணாச்சி கேட்டதுதான் நல்ல கேள்வி. "வீட்டத்தான் பார்த்தாச்சு. வயல்ல என்ன இருக்கு?" மகன் அன்றைக்கே அவரோடு போய்ப் பார்த்தார். பந்தலுக்கு நட்ட மூங்கில் கால்கள் கணுவுக்கு மேலே அறுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு டம்ளர் மாதிரி மேலே பார்த்து நின்றன. மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. மூங்கில் துளை, மரப்பொந்து, சிரட்டை, இதையெல்லாம் விரும்புகிற இன்னொரு ஏடிஸ் வகை இருக்கிறது. அதுவும் டெங்குவைப் பரப்பக்கூடியது. மணல் போட்டு அடைத்தால் தீர்ந்தது. அடுத்த தடவை கால் நடும்போது கணுவை ஒட்டி அறுத்தால் அந்த வேலையும் இல்லை. நாற்று விட்ட குழித்தட்டுகளை அடுக்கி மழையில் போட்டிருந்ததும், மூடி தொலைந்த கைத்தெளிப்பான் மோட்டார் அறைக்கு வெளியே நின்றதும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டன.

வீட்டிலும் இன்னும் சில இடங்கள் பாக்கி இருந்தன. கக்கூஸ் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் பழைய கொசுவலையைக் கட்டினார்கள். சன்சேடு மேல் தென்னை மட்டை விழுந்து தண்ணீர் போகிற ஓட்டை அடைத்திருந்தது. ஏணி வைத்து ஏறித்தான் தெரிந்தது. விருந்தாளி வந்தால் மட்டும் புழங்குகிற குளியல் அறை வாளி. பீடி இலை நனைக்கிற சட்டி மட்டும் சுத்தமாக இருந்தது. தினமும் கொட்டித் தேய்த்துப் புழங்குகிற பாத்திரம் அது.

தென்காசி வட்டாரத்துக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம். பெரும்பாலான ஊர்களுக்கு மழைக்காலம் ஒன்றுதான். இங்கே ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல், பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழியில் காய்ந்த உரலில் ஒட்டிக்கிடக்கிற முட்டை ஆனிச் சாரலுக்குக் கண் விழிக்கும். ஆடிக் காற்றில் காய்ந்தது ஐப்பசிக்கு. அதனால் மழை வந்த பிறகு கவிழ்ப்பதைவிட, பங்குனி, சித்திரை வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போதே ஒரு நாள் உட்கார்ந்து தேய்த்துவிடுவது பாதி வேலையைக் குறைக்கும். வெறும் பாத்திரத்தை எதற்குத் தேய்க்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்தான். ஆச்சி சித்திரையில் தேய்த்தபோதும் சிரித்தார்கள்.

இந்த வருஷம் ஆனியில் சாரல் பிடித்த மூன்றாவது வாரம், அந்தப் பெண்கள் மறுபடி வந்தார்கள். ஆச்சி வாசலிலேயே நின்று வரவேற்று, தொட்டி, பிரிட்ஜ் தட்டு, தார்ப்பாய் என்று தானே வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒன்றிலும் இல்லை. நோட்டை மூடப் போன நேரத்தில் மூத்தவர் மதில் மேல் டார்ச் அடித்தார். காக்காய்க்குத் தண்ணீர் வைக்கிற சிரட்டை. கோடையில் ஆச்சி வைத்தது. வாயில்லா ஜீவன் குடிக்கட்டும் என்று தினமும் ஊற்றுவார், மழை தொடங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

உள்ளே நாலு புழு.

பேரன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஆச்சி, ஒன்னயவும் எழுதிட்டாவ" என்றான். ஆச்சி சிரட்டையை எடுத்துக் காய்ந்த மண்ணில் கொட்டி, கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்து, அடுப்பில் போடச் சொல்லி மருமகளிடம் கொடுத்தார். காக்காய்க்கு இனி எவர்சில்வர் கிண்ணம், தினமும் கழுவி வைப்பது என்று முடிவானது.

பிறகு அந்தப் பெண்ணிடம் டார்ச்சை ஒரு நிமிஷம் கேட்டு வாங்கினார். பக்கத்து வீட்டு மைனி மாடியில் நாலு பெயிண்ட் டப்பாவில் ரோஜா வைத்திருப்பது ஆச்சிக்குத் தெரியும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஏளா, ஒங்க மாடிக் கதவத் திற" என்று தெருவில் இறங்கினார்.